நாற்பத்தேழாம் பக்கத்து முத்திரை

ராஜசிகாமணி நன்கொடையாகத் தரும் நூல் எதுவானாலும், செந்தூர்க்கனி முதலில் அதன் நாற்பத்தேழாம் பக்கத்தைத்தான் திறப்பாள். ஆசிரியர் பெயர், பதிப்பாண்டு, அட்டை எல்லாம் அப்புறம். அந்தப் பக்கத்தின் கீழ் ஓரத்தில், தையலை ஒட்டினாற்போல், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஊதா மையில் ஒரு முத்திரை இருக்கும். அதற்குள் ஓர் எண். எண்ணைப் படித்ததும் நூலை மூடிவிட்டு, "எவ்வளவு அருமையான பதிப்புங்க ஐயா!" என்று சிரிப்பாள். ஆறு வருடமாக இதே சிரிப்பு.

நூலகங்களில் புத்தகத்துக்கு முத்திரை குத்துவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். முதல் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று. திருடுகிறவனுக்கும் அது தெரியும். அந்த இரண்டு தாளையும் எடுத்துவிட்டால் புத்தகம் அவனுடையது. அதனால்தான் ஒவ்வொரு நூலகமும் தனக்கென்று ஒரு ரகசியப் பக்கத்தை வைத்துக்கொள்கிறது. ஓர் ஊரில் இருபத்தொன்று, இன்னோர் ஊரில் அறுபத்தெட்டு. அந்தப் பக்கத்தின் ஒரு மூலையில், நூலின் சேர்க்கை எண்ணோடு சின்னதாக இன்னொரு முத்திரை விழும். எந்தப் பக்கம் என்பது அங்கே வேலை பார்க்கும் மூன்று நான்கு பேருக்கு மேல் தெரியாது.

திருநெல்வேலி ஆற்றங்கரை நூலகத்தின் ரகசியப் பக்கம் நாற்பத்தேழு. அது கனிக்குத் தெரியும். அந்த முத்திரையைக் குத்தியவன் அவளுடைய அண்ணன் இசக்கியப்பன். ராஜசிகாமணிக்குத் தெரியாது, அவர் ஒருநாளும் நூலகராக இருந்தவரில்லை. கணினித் துறையிலிருந்து நேராக அதிகாரியாக வந்து இறங்கியவர். வந்த கையோடு, மாநிலத்தின் முந்நூற்று நாற்பது நூலகங்களின் பட்டியலையும் ஒன்றாகக் கோத்து 'நூற்சங்கிலி' என்று ஒன்றை உருவாக்கியவர்.

அந்தச் சங்கிலியின் முதல் வாரத்திலேயே ஏறிய பதிவுகளில் ஒன்று இப்படி இருந்தது: 'ஆற்றங்கரை நூலகம். இழப்பு: சேர்க்கை எண் 8603 முதல் 8816 வரை, 214 நூல்கள். பொறுப்பு: மு. இசக்கியப்பன், நூல் கட்டுநர்.'

ஒன்பது வருடத்துக்கு முன், தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது நடந்தது அது. ஒரு பேராசிரியர் வீட்டிலிருந்து மொத்தமாக வந்த நூல்கள் கீழ்த்தளத்தில் ஓர் அலமாரியில் இருந்தன. பெரும்பாலும் நூறு வருடப் பழைய பதிப்புகள். அப்போது சிறப்பு அலுவலராக வந்திருந்த ராஜசிகாமணி, அவற்றை மேடான இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லித் தன் வண்டியைக் கொடுத்தார். இசக்கியப்பன் முழங்கால் தண்ணீரில் நின்று பெட்டி பெட்டியாக ஏற்றினான். எழுத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளம் வடிந்து பார்த்தால் நூல்கள் இல்லை. விசாரணையில் இசக்கியப்பன் வாயே திறக்கவில்லை. அதையே ஒப்புதல் என்று எழுதிக்கொண்டார்கள்.

அன்று கனி நூலக அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். "தப்பா எழுதிட்டாங்கன்னா அழிச்சு எழுதச் சொல்லுட்டி" என்று அண்ணன் கேட்டபோது, அவனுக்குப் புரிகிற மாதிரி விளக்கியவளும் அவள்தான்.

"அழிக்க முடியாதுண்ணே. நீ புத்தகம் தைக்கும்போது ஒரு மடிப்பைத் தைச்சு, அந்த நூலை அறுக்காம அடுத்த மடிப்புக்குள்ள விட்டு வாங்குவேல்லா? நடுவுல ஒரு மடிப்பை உருவுனா என்ன ஆகும்?"

"அதுக்குப் பொறவு தைச்சதெல்லாம் கழண்டு வந்துரும்."

"அதான். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா, அதுவரைக்கும் வந்த பதிவையெல்லாம் ஒரு கண்ணியாப் பூட்டி, முந்தின கண்ணியோட சேத்துத் தைச்சிருது. ஒண்ணை மாத்தணும்னா அதுக்கு அப்புறம் உள்ள அத்தனையையும் பிரிக்கணும். அதுவும் ஒரு புத்தகம் இல்ல. முந்நூத்தி நாப்பது ஊர்ல முந்நூத்தி நாப்பது பிரதி. அத்தனையையும் ஒரே நேரத்துல பிரிக்க யாரால முடியும்?"

"நல்ல தையல்தான்" என்றான் இசக்கியப்பன். தொழில்காரன் அல்லவா, அந்த நிலைமையிலும் அதைப் பாராட்டத் தோன்றியது அவனுக்கு.

அந்தத் தையல் அவனை விடவே இல்லை. அச்சகத்தில் வேலை கேட்டுப் போனால் சங்கிலியில் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள். நிச்சயம் ஆன பெண்ணின் தாய்மாமன் தட்டிப் பார்த்தார், தட்டு திரும்பி வந்தது. நூலக உறுப்பினர் அட்டைகூட அவனுக்கு இல்லை. இழப்புப் பதிவு திறந்திருக்கும் பெயருக்கு அட்டை கிடையாது என்று விதி. இப்போது டவுனில் ஒரு சந்துக்குள் உட்கார்ந்து அல்வாக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி ஒட்டுகிறான்.

கனி கல்யாணமாகி மதுரைக்கு வந்து, கணவன் பெயரின் முதலெழுத்தோடு நூற்சங்கிலியின் தலைமை நிலையத்திலேயே பட்டியலராகச் சேர்ந்தாள். இயக்குநராக உயர்ந்திருந்த ராஜசிகாமணி, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தன் 'சொந்தச் சேகரிப்பிலிருந்து' சில நூல்களை நிலையத்துக்குக் கொடையளிக்கத் தொடங்கினார். முதல் வருடம் வந்த முதல் நூலில் நாற்பத்தேழாம் பக்கத்தைக் கனி சும்மாதான் திறந்தாள். பழக்கதோஷம். ஊதா முத்திரை. 8640.

முதல் தாளும் கடைசித் தாளும் புதிதாக மாற்றிக் கட்டப்பட்டிருந்தன.

அன்றைக்கே கத்தியிருக்கலாம். ஆனால் சங்கிலியின் விதிகள் அவளுக்கு அத்துப்படி. 214 நூல்களையும் ஒரே பதிவாக எழுதியிருந்ததால், அத்தனையும் மீட்கப்பட்டால்தான் அந்தப் பதிவு முடியும். ஒன்றை மட்டும் மீட்டதாகப் பதிந்தால், கண்ணி பூட்டிய நொடியில் நன்கொடையாளருக்குச் செய்தி போகும். மிச்சத்தை அவர் கொளுத்திவிடுவார். அதனால் கனி சிரித்தாள். ஒவ்வொரு வருடமும் அவர் வைத்த நூலை வாங்கி, 'இந்நூல் முப்பது ஆண்டுகளாக என் சொந்த உடைமை' என்ற வரியின் கீழ் அவருடைய கட்டைவிரலைப் பதிய வைத்தாள். ஒவ்வொரு ரேகையும் முந்நூற்று நாற்பது ஊர்களில் பூட்டப்பட்டது. வேறு பட்டியலர் யாரும் அந்த நூல்களைத் தொடாமல் பார்த்துக்கொண்டாள்.

இந்த வருடம் அவர் ஓய்வு பெறுகிறார். கடைசிக் கொடையாக இருபத்தொன்பது நூல்கள் ஒரு வாரம் முன்பே வந்து சேர்ந்தன. கூடவே அவர் எழுதிய தன்வரலாறு, 'நான் காத்த ஏடுகள்'. அதன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்த வரியைக் கனி நின்றபடியே படித்தாள். 'வெள்ளம் கொண்டுபோனது பாதி. ஓர் ஊழியனின் கை கொண்டுபோனது மீதி. அவனை நான் காவல்துறையிடம் ஒப்படைக்கவில்லை. மன்னித்தேன்.'

இருபத்தொன்பது நூல்களிலும் நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தாள். பழைய நூற்று எண்பத்துநான்கோடு கூட்டினாள். 213. விட்டுப்போன எண் 8816.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போனாள்.

இசக்கியப்பன் பசைத் தூரிகையைக் கீழே வைக்காமலே தலையை நிமிர்த்தினான். "வாட்டி. மாப்பிள்ளை வரலியா?"

"இல்லண்ணே. ஒண்ணு கேக்கணும்."

"கேளு. பசை காஞ்சிரும், கை பாட்டுக்கு இருக்கட்டும்."

ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள். ரேகைகளைச் சொன்னாள், எண்களைச் சொன்னாள். அவன் கை நிற்கவே இல்லை. பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறின.

"ஒண்ணே ஒண்ணுதான்ணே குறையுது. எட்டாயிரத்து எண்ணூத்திப் பதினாறு. அதை மட்டும் எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான் படுபாவி. அது என்ன புத்தகம்னு ஞாபகம் இருக்கா?"

தூரிகை நின்றது.

"அதை அவன் எடுக்கலட்டி."

"பின்ன?"

"உன் பரீட்சைக்குப் பட்டியலாக்கப் புத்தகம் கெடைக்கலன்னு ஒப்பாரி வச்சியே, ஞாபகம் இருக்கா? எந்தக் கடையிலயும் இல்ல. அந்தப் பேராசிரியர் கட்டுல கடைசியா ஒண்ணு கெடந்துச்சு. பழைய பொஸ்தகக் கடையில வாங்குனேன்னு சொல்லி உங்கிட்ட குடுத்தேன். நாலு மாசத்துல திருப்பி வச்சிரலாம்னு பாத்தேன். அதுக்குள்ள தண்ணி வந்துட்டு."

அந்தப் புத்தகம் மதுரையில் கனியின் மேசையில் இருக்கிறது. அதைப் படித்துத்தான் தேறினாள். காக்கி அட்டை போட்டு இன்றுவரை பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். ஊரார் புத்தகத்தில் எல்லாம் நாற்பத்தேழைத் தேடியவள், தன் புத்தகத்தில் தேடியதில்லை.

"நாப்பத்தஞ்சாம் பக்கத்துக்குப் பொறவு நாப்பத்தெட்டுன்னு இருக்கும் பாரு" என்றான் அவன். "நான்தான் ரெண்டு தாளையும் சேத்து ஒட்டுனேன். முத்திரை உன் கண்ணுல படப்பிடாதுன்னு."

"அச்சுப் பிழைன்னுல்லா நெனச்சேன்! அந்தப் பக்கத்துல இருந்து எட்டு மார்க் கேள்வி வந்துச்சு. வெறுமனே விட்டுட்டு வந்தேன்."

"தெரியும்ட்டி. அன்னைக்கு நீ வந்து அழும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும்!"

இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றது.

"அதுக்காகவா விசாரணையில பேசாம நின்ன?"

"'இதுல ஒண்ணாவது நீ எடுத்தியா'ன்னு கேட்டான். இல்லன்னு எப்படிச் சொல்ல? எத்தனைன்னு கேட்டிருந்தான்னா சொல்லியிருப்பேன்."

கனி எழுந்து சந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

"அதையும் அவன் கட்டுக்குள்ள சொருகிருதேன். ரேகை வைக்கும்போது எண்ணியா பாக்கப் போறான்? முப்பதுன்னு வைப்பான். ஆட்டம் முடிஞ்சுது."

"பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின பசைட்டி அது. எங்க நூலகத்துல நான் மட்டும்தான் அப்படிக் காய்ச்சுவேன். ஒட்டைப் பிரிச்சா பச்சை தெரியும். இது இசக்கியப்பன் ஒட்டுனதுன்னு ஒருத்தன் சொல்லிட்டான்னா, அந்த ஒண்ணைப் பிடிச்சிக்கிட்டு அவன் வக்கீலு மத்த இருநூத்திப் பதிமூணையும் பொய்யாக்கிருவான். ஆறு வருசம் சிரிச்சது வீணாப் போயிரும்."

"பின்ன என்ன செய்யச் சொல்லுத?"

"ஒண்ணுன்னு எழுது. நான் எடுத்தது ஒண்ணு. அதை எழுதினா தாங்கிக்கிடுவேன். இருநூத்திப் பதினாலுதான் என்னால தாங்க முடியல."

"காணாமப் போன புத்தகம் யார் கையில இருந்து கெடைக்குதோ, அவங்க விரல் ரேகைதான சங்கிலியில சாவி, அது கண்ணி பூட்டும்போதே செத்துரும்ணே. அந்த விதியைப் போட்டதே அவன்தான். சாவி போச்சுன்னா எந்த நூலகத்துலயும் ஒரு வரி பதிய முடியாது. ஆயுசுக்கும்."

அவன் சட்டென்று தூரிகையைக் கீழே போட்டான். "அப்ப வேண்டாம்ட்டி. விட்ரு. நான் பெட்டி ஒட்டிக்கிட்டு நல்லாத்தான இருக்கேன்."

"உங்கிட்ட உத்தரவு கேக்க வரல" என்று பையைத் தோளில் மாட்டினாள் கனி. "அவன் சாவியும் சேந்துதான சாகும்."

விழா மதுரையில், காலை பதினொரு மணிக்கு. பல ஊர்களிலிருந்து நாற்பது பட்டியலர்கள் வந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய திரை. பூட்டிய பதிவுகள் அதில் வரிசையாக ஓடும். கண்ணாடிப் பேழைகளில் ராஜசிகாமணி சேகரம், தேக்குப் பலகையில் பொன்னிறத்தில் பெயர். கனியின் மேசையை மேடையின் ஓரத்திலேயே போடச் சொல்லியிருந்தார்.

இருபத்தொன்பது நூல்களுக்கும் கட்டைவிரல் வைத்தபின் ஒலிபெருக்கியில் சொன்னார். "ஆறு வருஷமா என் பிள்ளைகளை ஒரு தாய் மாதிரி பாத்துக்கிட்டது இந்தச் செந்தூர்க்கனியம்மாதான். எல்லாரும் கைதட்டுங்க!"

தட்டினார்கள். கனி எழுந்து கும்பிட்டாள். பதினொன்று பத்துக்குக் கண்ணி பூட்டியது. ரேகைகள் இருபத்தொன்பதும் உள்ளே.

உட்கார்ந்தாள். ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்த 213 மீட்புப் பதிவுகளையும் ஒரே அழுத்தில் ஏற்றினாள். ஒவ்வொன்றிலும் ஒரு சேர்க்கை எண், நாற்பத்தேழாம் பக்கத்தின் படம், 'யாரிடமிருந்து' என்ற இடத்தில் ராஜசிகாமணியின் ரேகை. பிறகு பையிலிருந்து காக்கி அட்டைப் புத்தகத்தை எடுத்தாள். ஆவி காட்டிப் பிரித்த தாளில் பச்சைக் கறைக்கு நடுவே ஊதா முத்திரை தெளிவாகத்தான் இருந்தது. 8816. எடுத்தவர்: மு. இசக்கியப்பன். வைத்திருந்தவர்: செந்தூர்க்கனி. தன் விரலை வைத்தாள். இவை பூட்டப்படுவதற்கு இன்னும் ஆறு நிமிடம். அதுவரை திரையில் எதுவும் தெரியாது.

அப்போதுதான், அவள் திட்டத்திலேயே இல்லாத ஒன்று நடந்தது.

"அம்மா, என் நூலையும் இப்பவே பட்டியல்ல ஏத்திருங்க" என்று ராஜசிகாமணி 'நான் காத்த ஏடுகள்' பிரதியோடு அவள் மேசைக்கே வந்தார். "திரையில வரும்போது எல்லாரும் பாக்கட்டும். வரலாறு இல்லையா!"

"ஏத்திரலாம் ஐயா. ரெண்டு நிமிஷம்."

பெயர், ஆசிரியர், பக்கங்கள். அடுத்தது வகை. ஒரு நூல் எந்த அலமாரிக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கிற கட்டம் அது. அதைப் பட்டியலர் மட்டும்தான் நிரப்ப முடியும். தன்வரலாறு என்றால் வாழ்க்கை வரலாற்று அலமாரி. கனியின் சாவிக்கு இன்னும் நான்கு நிமிட உயிர் இருந்தது. அவள் 'தமிழ்ப் புனைகதை' என்று தட்டினாள். 'சான்று' என்ற இடத்தில், '8603 முதல் 8815 வரையுள்ள மீட்புப் பதிவுகளைக் காண்க' என்று எழுதி விரலை வைத்தாள்.

பதினொன்று இருபது. திரை ஒருமுறை இமைத்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. எண்கள் ஓடின, ஊதா முத்திரைகள் ஓடின, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே பெயர் ஓடியது. கைதட்டத் தொடங்கிய யாரோ பாதியில் நிறுத்தினார். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் எழுந்து நேராகக் கண்ணாடிப் பேழைக்குப் போய், ஒரு நூலை எடுத்து நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தார். அடுத்த நூலை எடுத்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், இன்னும் இருவர். சற்று நேரத்தில் நாற்பது பேரும் ஆளுக்கொரு நூலோடு நின்றார்கள். பக்கம் புரளும் சத்தத்தைத் தவிர மண்டபத்தில் வேறு சத்தமில்லை.

"இது... என்னமோ கோளாறு" என்றார் ராஜசிகாமணி. "எடும்மா அதை. உடனே எடு!"

"எடுக்க முடியாதுங்க ஐயா. நடுவுல ஒண்ணை உருவ முடியாத மாதிரி நீங்கதானே தைச்சீங்க."

அவர் அவள் மேசையிலிருந்த ரேகைப் பலகையில் தன் கட்டைவிரலை அழுத்தினார். சாவி செல்லாது. மறுபடி அழுத்தினார். சாவி செல்லாது. கனியும் தன் விரலை ஒருமுறை வைத்துப் பார்த்தாள். அவளுடையதும் செத்திருந்தது.

"யாரு நீ?" என்றார் அவர்.

"இசக்கியப்பன் தங்கச்சி."

"எந்த இசக்கியப்பன்?"

நடிப்பில்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. ஆறு வருடமாக எத்தனையோ விதமாக இந்த நிமிடத்தைக் கற்பனை செய்திருந்த கனிக்கு, இப்படி ஒரு பதில் வரும் என்று மட்டும் தோன்றியதே இல்லை. அவருடைய நூலைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம், ஐயா. நீங்க மன்னிச்சீங்கல்ல, அவரு."

வழக்கு நடக்கிறது. அது ஒரு பக்கம். ராஜசிகாமணியின் வக்கீல்கள் முதலில் கேட்டது, அந்த நூலின் வகையையாவது மாற்ற வேண்டும் என்பதைத்தான். அதற்கும் சங்கிலியில் ஒரு வழி உண்டு. பழைய பதிவை அழிக்க முடியாது, புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு நூலகங்களின் பட்டியலர்கள், அதாவது இருநூற்று இருபத்தேழு பேர், நூலை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு ஒப்ப வேண்டும். இந்த விதியும் அவர் போட்டதுதான். நான்கு மாதத்தில் பதினோரு பேர் படித்து முடித்திருக்கிறார்கள். பதினோரு பேரும் புனைகதை என்றே வாக்களித்திருக்கிறார்கள்.

வேலை போனபின் கனி மாதத்தில் பாதி நாள் திருநெல்வேலியில்தான் இருக்கிறாள். பெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். மூலை மடிப்பு இன்னும் சரியாக வரவில்லை. இசக்கியப்பனின் பெயரைத் தட்டினால் பழைய வரி அப்படியேதான் இருக்கிறது. அதன் கீழே இன்னொரு வரி: 'பதிவு முடிந்தது. மு. இசக்கியப்பன் எடுத்தது: 1.' அவன் அதைப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றான்.

பதிவு முடிந்ததால் அவனுக்கு உறுப்பினர் அட்டை கிடைத்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு நூலகத்துக்குள் போய் அவன் எடுத்துவந்த முதல் நூல் 'நான் காத்த ஏடுகள்'. கதை அலமாரியில் இருந்ததாம். பசை காயும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து, ஒரு மத்தியானம் முடித்தான். நூலை மூடி, முதுகைத் தடவி, தையலை நகத்தால் நெருடிப் பார்த்தான்.

"எப்படிண்ணே இருக்கு?" என்றாள் கனி.

"கதை பரவால்லட்டி" என்றான் இசக்கியப்பன். "கட்டுதான் மோசம். ஒரு மழைக்குத் தாங்காது."